கறிவேப்பிலையில் பெயர் உள்ள டாக்டர்



நாம தினமும் தாளிக்கிற கறிவேப்பிலைக்கு முர்ராயா கோனிகி என்று ஒரு அறிவியல் பெயர் உண்டு. அந்தக் கோனிகி ஒரு டாக்டரைக் குறிக்கும். அவர்தான் யோகான் கெர்கார்ட் கோனிக்.

இவர் 1728ஆம் ஆண்டு, இன்றைய லாட்வியா நாட்டில் பிறந்தார். சுவீடனில் லின்னேயஸிடம் படித்தார். 1768இல் நம் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக செடி, பூச்சி என்று தேடி அலைந்தார். அதுக்குச் சம்பளம் பத்தவில்லை. அதனால் ஆற்காடு நவாபிடம் வேலைக்குப் போனார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தார்.

நாம ஒதுங்கிப் போகிற கரையான் புற்றை இவர் ஆராய்ந்தார். புற்றுக்குள் காளான் இருப்பதைக் கண்டார். ஜனங்கள் புகை போட்டு ஈசலைப் பானையில் பிடிப்பதையும் எழுதினார். அது 1779இல் பெர்லினில் அச்சானது.

கரையானுக்குக் காளான் எதுக்கு? அப்போது யாருக்கும் தெரியாது. நைட்ரஜன் என்ற பெயரே 1790இல்தான் வந்தது.

இப்போது தெரியும். பூச்சி வளரப் புரதம் வேண்டும். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் பூச்சியால் அதை நேராக எடுக்க முடியாது. பூச்சியின் காய்ந்த உடம்பில் நூற்றுக்குச் சுமார் 10 பங்கு நைட்ரஜன். காய்ந்த மரத்திலோ 1 பங்குகூட இல்லை! அதனால் கரையான் மரத்தைத் தின்று, அந்தக் கழிவில் காளான் வளர்க்குது. காளான் மரச்சத்தைக் கரைக்கும். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகளில் நைட்ரஜன் சேரும். அதைக் கரையான் தின்னும். உரித்த தோலையும் செத்த கரையானையும்கூட விடாது. மழைக்கு நாம பறிக்கிற புற்றுக்காளான் அந்தக் காளான்தான்!

1785இல் கோனிக்குக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. காக்கிநாடா பக்கத்தில், நண்பர் ராக்ஸ்பர்க் கவனித்தும் பிழைக்கவில்லை. வயது 56. தன் ஏடுகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்திருந்தார்.

காரணம் தெரியாமலே கண்ணால் பார்த்ததை எழுதி வைத்தார். நான் வகுப்பில் ஏன் என்று தெரியாவிட்டால் பேசாமல் இருந்துவிடுவேன். இனிமேல் நோட்டில் எழுதி வைப்பேன். பதில் பிறகு வரட்டும். நீங்களும் எழுதுவீங்களா?