அம்மாவின் கதைப் புத்தகங்கள்

குழந்தை தெரேசம்மாளிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக அவிலா நகர்ப் புனிதையைப் பெரிய தெரேசம்மாள் என்று சொல்வது வழக்கம். 1515 மார்ச் 28 அன்று ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். பல கார்மேல் மடங்களை நிறுவினார். 1970-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண் இவரே. இத்தகைய பெரியவர் சிறுமியாயிருந்தபோது, தகப்பனாருக்குத் தெரியாமல் கதைப் புத்தகம் படித்தவர்! தம் வாழ்க்கை வரலாற்றில் அதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இந்த ஆசை தாயாரிடமிருந்து வந்தது. பெயாட்ரிஸ் அம்மாள் இளம் வயதில் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவர். அடுத்தடுத்துப் பிரசவங்கள், ஓயாத நோய். முப்பத்துமூன்று வயதில் இறந்துபோன அவர், அதற்கு முன்பே வயோதிக மாதரைப் போல உடுத்தத் தொடங்கியிருந்தாராம். தம் துன்பங்களை நினையாதிருக்க அவர் நாடியவை வீரசாகசக் கதைகள். குதிரை வீரர்கள், அரக்கர்கள், மந்திரக் கோட்டைகள் நிறைந்த நூல்கள் அவை. அவற்றுள் பெயர்பெற்ற அமாதிஸ் கதை 1508-ல் சரகோசா நகரில் அச்சாகியிருந்தது. போரில் கால் முறிந்து படுத்திருந்த புனித இஞ்ஞாசியார்கூட 1521-ல் இப்படிப்பட்ட கதைகளைத்தான் கேட்டார். வீட்டில் அவை இல்லாததால் புனிதர் வரலாறுகள் கொடுக்கப்பட்டன.

பெயாட்ரிஸ் அம்மாள் வீட்டு வேலை கெடாமல் படித்தார். பிள்ளைகளையும் படிக்க விட்டார். தகப்பனார் அலோன்சோவுக்கோ அக்கதைகள் அறவே பிடிக்காது. ஆகவே எல்லாம் மறைவாகவே நடந்தது. தெரேசா இரவும் பகலும் படித்தார். புதுப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் மனம் நிறையாது. பாடப் புத்தகத்துக்குள் நாவலை வைத்துப் படிக்கும் தோழியருக்கு இது புரியும்.

1528-ல் தாயார் இறந்தார். தெரேசா அழுதுகொண்டே தேவதாயின் சுரூபத்தின் முன் சென்று, இனி நீரே என் தாய் என்று மன்றாடினார். பிற்காலத்தில் அந்தக் கதைகளைப் பற்றி எழுதும்போது, தம் பக்தி தணிய அவையே காரணம் என்று தம்மைக் கடுமையாகக் குறை சொல்கிறார். தாயாரைப் பற்றி எழுதும்போதோ அத்தனை கடுமை இல்லை. அம்மா ஏன் படித்தார் என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறார். நோயுற்ற ஒரு தாயின் மனத்தை அறிந்த மகளின் கை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1535-ல் மடத்தில் சேர்ந்தபின் புத்தகங்கள் மாறின. புத்தகத்தை நாடும் மனம் மாறவில்லை. 1539-ல் நோய் முற்றி, ஏறக்குறைய நான்கு நாள் நினைவிழந்து கிடந்தார். கல்லறைக் குழிகூடத் தயாராயிருந்தது. பிழைத்த பிறகும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கைகால் வழங்கவில்லை. பல ஆண்டுகள் கையில் ஒரு நூல் இல்லாமல் செபத்தில் அமரவே அஞ்சினார். அது அவருக்குத் துணையாகவும் கேடயமாகவும் இருந்தது.

1559-ல் மற்றோர் அடி விழுந்தது. ஸ்பானிஷ் மொழியிலிருந்த பல பக்தி நூல்களை விசாரணை மன்றத்தார் தடை செய்தார்கள். லத்தீன் அறியாத தெரேசா மிகவும் வருந்தினார். அதன்பின் அவரே எழுதலானார். 1577 ஜூன் 2 அன்று, ஓயாத தலைவலிக்கும் காதிரைச்சலுக்கும் நடுவே, தொலேதோ நகரில் ஒரு நூலைத் தொடங்கி, நவம்பர் 29-ல் அவிலாவில் முடித்தார். மனித ஆன்மாவைப் பற்றிய அந்நூலுக்கு அவர் எடுத்துக்கொண்ட உருவகம், பல அறைகள் கொண்ட ஒரு பளிங்குக் கோட்டை.