இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – சனவரி 30, 1874), வள்ளலார் எனப் பரவலாக அறியப்படும் அருளாளர் ஆவார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தார். இன்றைய கடலூர் மாவட்டத்து வடலூரில் 1867 இல் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசித்தோர்க்கு உணவளித்தார். வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் மறைந்தார்.

தூதுவளையும் ஈழை நோயும்

அடிகள் நாள்தோறும் உண்ணப் பரிந்துரைத்த மூலிகைகளுள் தூதுவளையும் ஒன்று. சித்த மருத்துவம் இதனை இருமலுக்கும் ஈழை நோய்க்கும் (ஆஸ்துமா) வழங்குகிறது. இந்நோயின் அடிப்படை மூச்சுக்குழாய் உட்சவ்வின் அழற்சி என்பது அவர் காலத்திற்கு நெடுநாள் பின்னரே தெளிவாயிற்று. 1970களில் பயன்பாட்டுக்கு வந்த உள்மூச்சு ஸ்டீராய்டு, அச்சவ்வின் உயிரணுக்களுள் புகுந்து அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. இயோசினோஃபில்கள் குறைகின்றன, சவ்வின் வீக்கம் நாட்கள், வாரங்கள் எனச் சிறிது சிறிதாக வடிகிறது. தூதுவளை இதற்கு மாற்று என நிறுவப்படவில்லை. கீரையை நம்பி (உணவாக உண்பது வேறு) உறிஞ்சு மருந்தைத் தாமாக நிறுத்துவோர்க்கு, மூச்சுத்திணறல் இல்லாதபோதும், அழற்சி சில வாரங்களில் மீள்வதுண்டு.