காணாக்கடிக்கு மருந்து கண்ட டேனியல் போவே

1907ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பிறந்த டேனியல் போவே, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வாளராக விளங்கினார். உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளே காணாக்கடியின் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. அதனைத் தடுக்கும் முதற்சேர்மத்தை அவர் தம் மாணவியுடன் இணைந்து 1937இல் கண்டறிந்தார். அது நச்சுத்தன்மை மிக்கதாயிருந்ததால் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை. ஆயினும் ஆய்வைத் தொடர்ந்து 1944இல் மெபிரமின் மருந்தை அளித்தார். 1957இல் நோபல் பரிசு பெற்று, 1992இல் ரோமில் மறைந்தார்.

இன்றைய செட்டிரிசின் அவ்வழியில் வந்ததே. ஆறு வாரங்களுக்கு மேல் காணாக்கடி நீடிப்போர், சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்திற்கோ கடலூரில் இல்லத் திருமணத்திற்கோ ஆயத்தமாகுங்கால், சில வாரங்கள் முன்னரே அரசு மருத்துவரை அணுகி, அவர் கூறியவாறு மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணலாகாது. நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108ஐ அழைக்கவும்.