‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ சீட்டுக்கு அனுபவம் ஏன் கேட்கிறார்கள்? யூஜின் ஸ்டெட்டின் கதை

அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு அப்ளை பண்ணுகிறவர்கள் நிரப்பும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ‘காஸ்பா’ என்று பெயர். பெரும்பாலான கல்லூரிகளுக்கும் இந்த ஒரே விண்ணப்பம்தான். டிகிரி மார்க், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மாதிரியான பாடங்களில் வாங்கிய கிரேடு, பரிந்துரைக் கடிதங்கள், 5,000 எழுத்துகளுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை. இதுவரைக்கும் வழக்கமான சமாச்சாரம்தான். அதற்கப்புறம் வரும் கேள்விதான் பலருடைய தூக்கத்தைக் கெடுப்பது. நோயாளிகளை நேரடியாகக் கவனித்துக்கொண்ட அனுபவம் மொத்தம் எத்தனை மணி நேரம்?

சில கல்லூரிகள் 500 மணி நேரம் போதும் என்கின்றன. சில 1,000, சில 2,000 கேட்கின்றன. மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த நேரம் இந்தக் கணக்கில் சேராது, அதற்குத் தனிக் கட்டம் உண்டு. டாக்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததும் தனிக் கட்டம்தான். ஆம்புலன்ஸில் போனது, ரத்தம் எடுத்தது, வார்டில் நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தது, இந்த மாதிரி வேலைகள்தான் கணக்கு. அதனால் டிகிரி முடித்துவிட்டு ஓரிரு வருடம் ஆம்புலன்ஸிலோ வார்டிலோ உழைத்த பிறகு அப்ளை பண்ணுகிறவர்கள் அங்கே சகஜம்.

எம்பிபிஎஸ்ஸுக்குச் சமமான எம்.டி. படிப்பில் சேருவதற்குக்கூட இவ்வளவு கறாராக மணிக்கணக்கு கேட்பதில்லை. டாக்டருக்கு உதவியாளராகப் போகும் படிப்புக்கு ஏன் இத்தனை கெடுபிடி? பதில் தெரிய 60 வருடம் பின்னால் போக வேண்டும், யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியரிடம்.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

ஸ்டெட் பிறந்தது 1908 அக்டோபர் 6. ஊர், ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டர். பக்கத்திலேயே இருந்த எமரி பல்கலைக்கழகத்தில் 1932-ல் மருத்துவம் முடித்தார். பிறகு பாஸ்டன், சின்சினாட்டி, மறுபடி பாஸ்டன் என்று பயிற்சியும் ஆராய்ச்சியுமாகப் பத்து வருடம் ஓடியது. ரத்த ஓட்டம், அதிர்ச்சி நிலை, இதயச் செயலிழப்பு ஆகியவைதான் அவருடைய துறை. பாஸ்டனில் அவருக்குக் குருவாக இருந்த சோமா வைஸ் 1942-ல் திடீரென்று இறந்துபோனார். அதே வருடம் எமரியிலிருந்து ஸ்டெட்டுக்கு அழைப்பு வந்தது. பொது மருத்துவத் துறைத் தலைவர் பதவி. அப்போது அவருக்கு 33 வயது.

எமரி மாணவர்கள் பயிற்சி பெற்றது அட்லாண்டாவின் கிரேடி மருத்துவமனையில். நகரத்து ஏழைகளெல்லாம் வந்து குவியும் இடம். நம்ம ஊர் ஜிஹெச் மாதிரி கற்பனை பண்ணிக்கொள்ளலாம். கூடுதலாக, அங்கே வெள்ளையருக்குத் தனி வார்டு, கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டார்கள். நோயாளிகள் கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

ஸ்டெட்டிடம் மிஞ்சியவர்கள் சில டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும்தான். அந்த மாணவர்களை வைத்தே வார்டுகளை ஓட்டினார். போர்க்கால அவசரத்தில் நான்கு வருட மருத்துவப் படிப்பையே நாடு முழுக்க மூன்று வருடமாகச் சுருக்கியிருந்தார்கள். சுருக்கியதால் குடி முழுகிப் போய்விடவில்லை. பொறுப்பைக் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருந்தால், நோயாளியின் படுக்கை ஓரத்தில் ஆட்கள் படுவேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஸ்டெட் கண்ணால் பார்த்தார். பின்னாளில் அவர் செய்த காரியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1947-ல் வட கரோலினாவின் டர்ஹம் நகரில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அடுத்த 20 வருடம் அங்கே பொது மருத்துவத் துறையின் தலைவர். கடுமையான வாத்தியார். பயிற்சி டாக்டர்கள் வீட்டுக்குப் போவதே அபூர்வம் என்ற அளவுக்கு வேலை வாங்கினார். அப்படி வறுத்தெடுக்கப்பட்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிற்பாடு வெவ்வேறு கல்லூரிகளில் துறைத் தலைவர் ஆனார்கள்.

முதலில் தட்டியது வேறு கதவு

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் கிராமப்புறங்களில் டாக்டர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். படித்து முடிப்பவர்கள் சிறப்புத் துறைகளுக்கும் நகரங்களுக்கும் போனார்கள். இருக்கிற ஒற்றை டாக்டருக்குப் புதுசாகப் படிக்கவோ லீவு எடுக்கவோ நேரமில்லை. டாக்டரின் வேலையில் ஒரு பகுதியை இன்னொருவர் பொறுப்பாக ஏற்றால்தான் இது தீரும் என்பது ஸ்டெட்டின் கணக்கு.

அதற்கு அவர் முதலில் நினைத்தது நர்ஸ்களைத்தான். டியூக் நர்ஸிங் கல்லூரியின் தெல்மா இங்கிள்ஸுடன் சேர்ந்து, அனுபவமுள்ள நர்ஸ்களுக்கு ஒரு முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். நோயாளியைப் பரிசோதிப்பது, நோயைப் பற்றி டாக்டர் மாதிரி யோசிப்பது என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நர்ஸிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு இதை ஏற்கவில்லை. டாக்டர்கள் பாடம் நடத்துவதும், நர்ஸ்கள் டாக்டர் வேலையைத் தொடுவதும் அவர்களுக்குச் சரியாகப் படவில்லை. படிப்பு நின்றுபோனது.

அந்த அமைப்பின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நர்ஸிங் தனக்கென்று தனி அடையாளத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. டாக்டருக்குக் கீழே இன்னொரு படியாக அதை மாற்றுவதை யார் விரும்புவார்கள்? ஆனால் ஸ்டெட்டுக்கு அது பெரிய அடி. அவர் நர்ஸ்கள் பக்கம் போவதையே விட்டுவிட்டு வேறு ஆட்களைத் தேடத் தொடங்கினார்.

அப்போது அவர் கண்முன் ஒரு உதாரணம் இருந்தது. அதே மாநிலத்தில் கார்லண்ட் என்ற சிற்றூரில் ஏமோஸ் ஜான்சன் என்று ஒரு குடும்ப டாக்டர். அவருடைய கிளினிக்கில் பட்டி ட்ரெட்வெல் என்ற கறுப்பின உதவியாளர். நம்ம ஊர்ப் பழைய டாக்டர்களிடம் கம்பவுண்டர் இருப்பாரே, அந்த மாதிரி ஆரம்பித்தவர் என்று சொல்லலாம். ஆனால் ட்ரெட்வெல் மருந்து கலக்கிக் கொடுப்பதோடு நிற்கவில்லை. ஜான்சன் பக்கத்தில் இருந்தே தொழிலைக் கற்றுக்கொண்டு, அவர் வெளியூர் போகும் நாட்களில் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறியிருந்தார். ட்ரெட்வெல் இருந்த தைரியத்தில்தான் ஜான்சனால் மாநாடுகளுக்கும் வகுப்புகளுக்கும் போய்வர முடிந்தது. கையில் பட்டம் கிடையாது. ஊருக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது.

நான்கு பேர் கொண்ட முதல் வகுப்பு

ராணுவத்திலும் கடற்படையிலும் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள் பணி முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலில், முகாமில், டாக்டரே இல்லாத இடத்தில் காயத்துக்குத் தையல் போட்டவர்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்கள். வெளியே வந்தால் அந்த அனுபவத்துக்கு மதிப்பே இல்லை. கையில் சான்றிதழ் இல்லாததால் மருத்துவமனையில் கிடைத்தது வார்டு பாய் வேலை மாதிரிதான். தையல் போடத் தெரிந்தவர் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்தார்.

ஸ்டெட் அவர்களைத்தான் பிடித்தார். 1965 அக்டோபரில் டியூக்கில் இரண்டு வருடப் படிப்பு தொடங்கியது. சேர்ந்தவர்கள் நான்கே பேர். நான்கு பேருமே முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர்கள். முதல் ஒன்பது மாதம் வகுப்பறை, மீதி 15 மாதம் வார்டும் கிளினிக்கும். போர்க்காலத்தில் மருத்துவப் படிப்பைச் சுருக்கிய அதே பாணி. 1967 அக்டோபர் 6 அன்று மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அன்றைக்கு ஸ்டெட்டுக்கு 59-வது பிறந்தநாள்.

இன்றைய விண்ணப்பத்தில் இருக்கும் மணிக்கணக்குக் கேள்விக்கு விடை இந்த நான்கு பேரிடம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஒருவரைத் தயார் பண்ண முடியும் என்று ஸ்டெட் துணிந்ததே, அவர்கள் ஏற்கெனவே பல வருடம் நோயாளிகளோடு பழகியவர்கள் என்பதால்தான். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழ மாட்டார்கள், ராத்திரி டியூட்டிக்கு அழ மாட்டார்கள், வலியில் கத்துகிற ஆளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியும். அந்த அஸ்திவாரத்தை எடுத்துவிட்டால் இரண்டு வருடம் போதாது. இன்றைக்கும் அமெரிக்காவில் இந்தப் படிப்பு சராசரியாக 27 மாதம்தான். அனுபவம் கேட்பதும் அதனால்தான் தொடர்கிறது.

முதல் வகுப்பு முடிவதற்குள்ளேயே ‘லுக்’ பத்திரிகை 1966-ல் இதைப் பற்றிக் கட்டுரை போட்டது. நாடு முழுக்கப் பேச்சானது. நர்ஸ்கள் தரப்பில் கோபமும் சேர்ந்து கிளம்பியது.

அப்ளை பண்ணவே கூடாது என்று சொல்லப்பட்ட பெண்

ஸ்டெட்டின் தேர்வு முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அனுபவம் என்றாலே ராணுவ அனுபவம் என்று ஆகிப்போனதால், படிப்பு ஆண்களுக்கு மட்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. நர்ஸ்களோடு தொடங்க நினைத்த மனிதரின் திட்டம், பெண்களே இல்லாத வகுப்பறையில் போய் நின்றது வேடிக்கைதான்.

அதை உடைத்தவர் ஜாய்ஸ் நிக்கல்ஸ். டியூக் மருத்துவமனையிலேயே உரிமம் பெற்ற நர்ஸாக வேலை பார்த்த கறுப்பினப் பெண். இந்தப் படிப்பு முன்னாள் ராணுவ ஆண்களுக்குத்தான் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் அதற்காக ஒதுங்கிப் போகவில்லை. விண்ணப்பித்தார், வாதாடினார், சீட் வாங்கினார். வார்டில் அவர் உழைத்த வருடங்கள், கப்பலில் இன்னொருவர் உழைத்த வருடங்களுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பதுதான் விஷயம். 1970-ல் படிப்பை முடித்து, இந்தத் தொழிலின் முதல் பெண் ஆனார். பிறகு வட கரோலினாவில் கிராமப்புற மக்களுக்கான கிளினிக்கில் வேலை பார்த்தார். இன்றைக்கு அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்.

பதவியை விட்டபின்

1967-ல், முதல் வகுப்பு வெளியே வந்த அதே வருடம், ஸ்டெட் துறைத் தலைவர் பதவியை விட்டுவிட்டார். படிப்பின் பொறுப்பு ஹார்வி எஸ்டெஸ் என்ற சக பேராசிரியரிடம் போனது. சட்ட ரீதியான வேலைகளை முன்னின்று நடத்தியவர்களில் எஸ்டெஸ் முக்கியமானவர். டாக்டரின் மேற்பார்வையில் இவர்கள் வேலை செய்யலாம் என்று வட கரோலினா 1971-ல் சட்டத்தைத் திருத்தியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. 1973-ல் முதல் தேசிய சான்றிதழ்த் தேர்வு நடந்தது. இப்போது அங்கே 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், 1,70,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ் பெற்றவர்கள். நோயாளியைப் பரிசோதிப்பது, டெஸ்ட் எழுதுவது, நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, ஆபரேஷனில் உதவுவது எல்லாமே அவர்கள் வேலையில் அடக்கம்.

ஸ்டெட் சும்மா உட்காரவில்லை. இதய நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, இன்ன சிகிச்சை எடுத்தவருக்குப் பிற்பாடு என்ன ஆனது என்று பார்க்கும் தகவல் வங்கியை டியூக்கில் வளர்த்தார். மருத்துவ இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார். வயதான காலத்தில் கெர் ஏரிக்கரையில் தானே கட்டிய வீட்டில் வாழ்ந்து, 2005 ஜூன் 12 அன்று 96 வயதில் காலமானார்.

சென்னைக்கு வந்த வழி

அவர் உயிரோடு இருக்கும்போதே இந்தப் படிப்பு சென்னைக்கு வந்துவிட்டது. இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம்.செரியன் 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதைத் தொடங்கினார். இந்தியாவில் இதுதான் ஆரம்பம். இதய அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் ஆள் தேவை இருந்ததால், இங்கே இந்தத் தொழில் கிராமத்துக்குப் போகவில்லை. பெரிய மருத்துவமனைகளிலேயே வளர்ந்தது. 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் இந்தத் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பது மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. நீட் தேவையில்லை. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை போட்டு கவுன்சலிங் நடத்துகிறது. விண்ணப்பத்தில் அனுபவத்துக்கு ஒரு கட்டமும் கிடையாது. 17, 18 வயதுப் பிள்ளைகளிடம் 1,000 மணி நேர வார்டு அனுபவம் கேட்க முடியாதுதான். ஆனால் பல வருடம் ஆம்புலன்ஸில் ஓடியவரோ, ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியனாக நின்றவரோ இதே படிப்புக்கு அப்ளை பண்ணினாலும், அவர் கையில் இருக்க வேண்டியது அந்தப் பழைய பிளஸ் டூ மார்க் ஷீட்தான். நோயாளிகளோடு செலவிடும் மணி நேரங்களின் கணக்கு இங்கே சீட் கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.