எஞ்சினுக்கு வேகமும் குளிர்ச்சியும் தந்த மேதை: வில்ஹெல்ம் மைபாக் (1846 – 1929)



மோட்டார் கார் என்றதும் பென்ஸ், டைம்லர், மேர்ஸிடிஸ் ஆகிய பெயர்கள் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் எஞ்சினை வேகமாக ஓடச் செய்ததோடு, அது தன் சூட்டினாலேயே பழுதாகிவிடாமல் காத்தவரின் பெயர் பலருக்குத் தெரியாது. அவரே வில்ஹெல்ம் மைபாக். இவருடைய வாழ்க்கை வரலாறு கட்டுரை எழுதவும் உதவும். விஞ்ஞான பாடத்தில் வெப்ப இடமாற்றத்தை விளங்கிக்கொள்ளவும் உதவும். எனவே கவனமாக வாசியுங்கள்.

1. இளமைக் காலம்

மைபாக் 1846 பெப்ரவரி 9 ஆம் திகதி ஜேர்மனியின் ஹைல்புரோன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பத்து வயதில் தந்தையையும் இழந்தார். குஸ்டாவ் வேர்னர் என்னும் சமயப் பெரியார் ரொய்ட்லிங்கன் நகரில் நடத்தி வந்த இல்லம் அச்சிறுவனுக்குப் புகலிடம் அளித்தது. அங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையும் இருந்தது. படம் வரைவதில் அவனுக்கிருந்த திறமையைக் கண்டவர்கள் இயந்திர வரைபடம் வரையும் பகுதியில் அவனைப் பயிற்றினார்கள். பகலில் வேலை, மாலையில் கணிதமும் பௌதிகமும் என்று அவனது நாட்கள் கழிந்தன.

அத்தொழிற்சாலைக்கு முகாமையாளராக வந்தவர் கொட்லீப் டைம்லர். 1865 இல் 19 வயது மைபாக்கின் ஆற்றலை அவர் இனங்கண்டார். அன்று தொடங்கிய உறவு டைம்லர் இறக்கும் வரை 35 ஆண்டுகள் நீடித்தது.

2. வேகமான எஞ்சின்

1872 இல் இருவரும் டொய்ற்ஸ் நகரில் நிக்கொலாஸ் ஒட்டோவின் எஞ்சின் தொழிற்சாலையில் சேர்ந்தனர். நான்கடிப்பு எஞ்சின் 1876 இல் உருவானது இங்கேதான். ஆனால் அக்கால எஞ்சின்கள் மிகவும் பாரமானவை. நிமிடத்திற்கு 120 முதல் 180 வரையான சுழற்சிகளே சுழன்றன. தொழிற்சாலையின் ஒரு மூலையில் நிறுத்தி வைக்கலாமே தவிர, வண்டியில் ஏற்ற முடியாது.

இங்கே ஒரு அடிப்படையை நினைவிற் கொள்ளுங்கள். வலு என்பது ஒரு செக்கனில் செய்யப்படும் வேலை. ஒரு தகனத்தில் கிடைக்கும் வேலை சிறிதாக இருந்தாலும், ஒரு செக்கனில் நிகழும் தகனங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வலு கூடும். அதாவது எஞ்சினைப் பெருப்பிக்காமல் அதன் வேகத்தைக் கூட்டலாம். மைபாக்கின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

1882 இல் டைம்லரும் அவரைத் தொடர்ந்து மைபாக்கும் அங்கிருந்து விலகினர். கான்ஸ்டாட் நகரில் டைம்லரின் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கண்ணாடிச் செடிக்கூடமே அவர்களது பட்டறையாயிற்று. இரவு பகலாகக் கேட்ட சத்தத்தினால் கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று சந்தேகித்துப் பொலிசார் சோதனையிட்டதாகவும், எஞ்சின்களை மட்டுமே கண்டு திரும்பியதாகவும் ஒரு கதை உண்டு. 1883 இல் உருவான அவர்களின் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறக்குறைய 600 தடவை சுழன்றது. 1885 இல் அது இருசில்லு வண்டியிலும், 1886 இல் நாற்சில்லு வண்டியிலும் பொருத்தப்பட்டது. 1893 இல் பெற்றோலை நுண்துளியாகச் சீறச் செய்து காற்றோடு கலக்கும் காபுரேற்றரையும் மைபாக் தந்தார்.

3. வெப்பம் என்னும் தடை

வேகம் கூடினால் ஒரு செக்கனில் எரியும் எரிபொருளும் கூடும். அதில் சிறு பங்கே வேலையாக மாறும். எஞ்சியது வெப்பமாகிப் புகையோடு வெளியேறும் அல்லது உருளையின் சுவரைச் சூடாக்கும். சுவர் அளவுக்கு மீறிச் சூடானால் எண்ணெய் நீர்த்துவிடும். முசலம் விரிந்து உருளையோடு இறுகிவிடும். எனவே குளிர்ச்சி இல்லாவிட்டால் வேகமும் இல்லை.

கீழிருந்து கடுகண்ணாவை ஏற்றம் ஏறிப் பிலிமத்தலாவைக்கு வரும் பழைய லொறிகளை எண்ணிப் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் முழு வலுவோடு உழைக்கிறது. ஆனால் வண்டி மெதுவாக நகர்வதால் முன்னால் வந்து மோதும் காற்று குறைவு. வெப்பம் கூடுகிறது, குளிர்ச்சி குறைகிறது. தண்ணீர் கொதித்து ஆவி எழுவதன் காரணம் இதுவே.

ஆரம்பக் கார்களில் எஞ்சினைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகிப் போகும். அடிக்கடி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டும். 1889 இல் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்ற வண்டியில் மைபாக் ஒரு புது வழி கண்டார். வண்டிச் சட்டத்தின் இரும்புக் குழாய்களுக்குள்ளேயே நீரை ஓடவிட்டுக் குளிரச் செய்தார். 1897 இல் பல சிறு குழாய்கள் கொண்ட றேடியேற்றரை அமைத்தார். ஆயினும் ஏறத்தாழ 18 லீற்றர் நீரைச் சுமக்க வேண்டியிருந்தது.

4. சோதனையும் சாதனையும்

1900 ஆம் ஆண்டு மைபாக்கிற்குச் சோதனை ஆண்டு. மார்ச் 6 ஆம் திகதி டைம்லர் காலமானார். அதே மாதம் 30 ஆம் திகதி பிரான்சின் நீஸ் நகரருகே லா டுர்பி மலையேற்றப் போட்டியில், டைம்லர் நிறுவனத்தின் காரை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் விபத்தில் சிக்கி மறுநாள் உயிரிழந்தார். உயரமாகவும் குட்டையாகவும் இருந்த அக்காரில், பாரமான எஞ்சினோடு வளைவில் திரும்புவது ஆபத்தாக இருந்தது. போட்டிகளையே கைவிடலாமா என்று நிறுவனம் யோசித்தது.

எமில் யெலினெக் என்னும் வணிகர் அதற்கு உடன்படவில்லை. நீளமும் அகலமும் கூடிய, புவியீர்ப்பு மையம் தாழ்ந்த, வலுக்கூடிய கார் வேண்டும் என்று கேட்டார். 36 கார்களுக்குக் கட்டளையும் கொடுத்தார். தம் மகள் மேர்ஸிடிஸின் பெயரையே சூட்டவும் கோரினார்.

வழிகாட்டி இல்லாத நிலையில் மைபாக் வடிவமைப்பைத் தொடங்கினார். நான்கு உருளைகள், 5.9 லீற்றர் கொள்ளளவு, பாரம் குறைந்த அலுமினியக் கீழ்ப்பெட்டி, தாமாகத் திறவாமல் பொறிமுறையால் உரிய நேரத்தில் திறக்கும் உள்ளெடுப்பு வால்வுகள் என்பன அதில் அமைந்தன. நிமிடத்திற்கு 950 சுழற்சியில் 35 பரிவலு கிடைத்தது. இன்று இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அன்று இது பெரும் பாய்ச்சல்.

இந்த வலுவைக் குளிர்விக்க அவர் படைத்ததே தேன்கூட்டு றேடியேற்றர். 6 மி.மீ. பக்கமுள்ள 8070 சிறிய சதுரக் குழாய்கள் அடுக்கப்பட்டன. குழாய்களுக்குள்ளே காற்று, அவற்றைச் சுற்றி நீர். மெதுவாகச் செல்லும்போதும் காற்றை இழுக்கப் பின்னால் ஒரு விசிறி. இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குழாயின் சுற்றளவு 24 மி.மீ. எனவே 8070 குழாய்களின் மொத்தச் சுற்றளவு ஏறத்தாழ 194 மீற்றர். அதே அளவு காற்று வழியை ஒரே பெரிய சதுரக் குழாயாக அமைத்தால் சுற்றளவு 2.2 மீற்றர் அளவே. நீளம் சமமாயின், வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் பரப்பு ஏறத்தாழ 90 மடங்காகிறது! தேவையான நீரும் ஏறத்தாழ 9 லீற்றராக, அதாவது அரைவாசியாகக் குறைந்தது.

முதற் கார் 1900 டிசெம்பர் 22 ஆம் திகதி அனுப்பப்பட்டது. 1901 மார்ச்சில், பவர் உயிரிழந்த அதே லா டுர்பி மலையில், வில்ஹெல்ம் வேர்னர் என்னும் சாரதி மணிக்குச் சராசரியாக 51.4 கி.மீ. வேகத்தில் ஏறி வென்றார். அதுவரை இருந்த சாதனை 31.3 கி.மீ. மட்டுமே.

5. இறுதிக் காலம்

புகழ் மேர்ஸிடிஸ் என்ற பெயருக்குச் சென்றது. அதைப் படைத்தவரோ நிறுவனத்துள் படிப்படியாக ஒதுக்கப்பட்டு 1907 இல் விலகினார். எனினும் மைபாக் ஓய்ந்துவிடவில்லை. 1909 இல் செப்பெலின் பிரபுவோடு இணைந்து ஆகாயக் கப்பல்களுக்கான எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்க, அதை அவரது மகன் கார்ல் நடத்தினார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவருக்கு ஸ்ருட்காட் தொழில்நுட்ப உயர்கல்லூரி 1916 இல் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1929 டிசெம்பர் 29 ஆம் திகதி தமது 83 ஆவது வயதில் காலமான அவர், டைம்லர் துயிலும் கான்ஸ்டாட் மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவர்களே, மைபாக் எதையும் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. ஆவியாகிப்போன நீரிலிருந்து தேன்கூடு வரை ஒவ்வொரு குறையையும் பார்த்து, அடுத்த தடவை அதைத் திருத்தினார். கட்டுரை எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்காமல், இந்த வளர்ச்சியைப் படிப்படியாக எடுத்துக்காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. எஞ்சினைப் பெருப்பிக்காமல் அதன் வலுவைக் கூட்டுவது எவ்வாறு?
2. ஏற்றத்தில் மெதுவாகச் செல்லும் வாகனம் அதிகம் சூடாவதற்குரிய காரணங்கள் இரண்டு தருக.
3. ஒரு சதுரக் குழாயை அதே மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்புள்ள 100 சிறு சதுரக் குழாய்களாகப் பிரித்தால், மொத்தச் சுற்றளவு எத்தனை மடங்காகும்?
4. 1900 ஆம் ஆண்டு மைபாக்கின் வாழ்வில் சோதனையாகவும் சாதனையாகவும் அமைந்ததை விளக்குக.