மலையேற வேண்டிய மருத்துவம்

ஜவ்வாது மலையில், நிறைமாதத்தில் பிறந்தும் ஆறு மாதமாகிக் கழுத்து நிற்காத குழந்தையொன்றைக் கண்டபோது, எனக்கு ஐடா ஸ்கடர் நினைவுக்கு வந்தார்.

1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அவர், திண்டிவனத்தில் பெண் மருத்துவரின்றி ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் பயின்றார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணி தொடங்கினார், பின்னர் நோயாளிகளைத் தேடிச் சாலையோரம் சென்றார், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார், 1960இல் மறைந்தார்.

சிக்கலான பிரசவம், பிறந்ததும் அழாமை, வலிப்பு, கடும் மஞ்சள்காமாலை கண்ட குழந்தைக்கு மூளை முடக்குவாதம் வரக்கூடும். நான்கு மாதமாகியும் தலை நிற்காமை, விரியாத கைமுட்டி, ஓராண்டுக்குள் ஒரே கையை நாடுதல் ஆகியவை தெரிந்தால் உடனே பரிசோதித்துப் பயிற்சி தொடங்க வேண்டும்.

பொருளியல் கற்பித்தவன் நான். ஒருநாள் கூலியை இழந்து மலைத்தாய் இறங்கி வருவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். ஐடா சென்றதுபோல், பரிசோதனையே மலையேற வேண்டும்.