உள்ளத்தின் குரல் கேட்ட மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ்

உடலில் காய்ச்சல் கண்டால் அயலாரிடமும் கூறுகின்றோம். உள்ளத்தில் சோர்வு கண்டால் உடன்பிறந்தாரிடமும் மறைக்கின்றோம். 1871 முதல் மனநல மருத்துவமனை அமைந்திருப்பதாலேயே, கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரை ஏளனச் சொல்லாக்கினோம். இந்நாணத்தை நீக்க வழிகண்ட முன்னோடி ஒருவரின் வாழ்வை இங்குக் காண்போம்.

கல்வியும் ஆய்வும்

கிரீந்திரசேகர் போஸ் 1887இல் பிறந்தார். தந்தையார் தர்பங்கா அரசரிடம் திவானாகப் பணியாற்றியவர். கல்கத்தாவில் பயின்று 1910இல் மருத்துவரான போஸ், ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயிற் கலையில் இளமையிலேயே நாட்டம் மிக்கவர். மருத்துவத்தொழில் நடத்திக்கொண்டே உளவியல் பயின்று, 1917இல் முதுகலைப் பட்டமும் 1921இல் முனைவர் பட்டமும் பெற்றார். உள்ளம் தன் விருப்பங்களை அடக்கி மறைக்கும் இயல்பே அவர்தம் ஆய்வுப்பொருளாகும். அந்நூலை வியன்னாவில் வாழ்ந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. எனினும் இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்தாரில்லை.

முரணும் மதிப்பும்

ஒவ்வொரு விருப்பத்தின் அடியிலும் அதற்கு நேர்மாறான விருப்பமொன்று மறைந்திருக்கும் என்பது போஸின் கொள்கை. அடிக்க விழைவானிடத்து அடிபட விழையும் எண்ணமும் உறங்கும். இவ்விரண்டும் மோதுங்கால் உளநோய் தோன்றும் என்றார். ஆதலின் நோயாளியைக் கற்பனையில் எதிராளியின் இடத்திலும் மாறிமாறி நிற்கச் செய்து, மறைந்த விருப்பத்தை அவரே உணரத் துணைநின்றார். இக்கொள்கையை ஃபிராய்டு முழுமையாக ஏற்கவில்லை. போஸ் தம் கருத்தையும் கைவிடவில்லை. அவர்பால் கொண்ட மதிப்பையும் குறைத்துக்கொள்ளவில்லை. 1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, தந்தத்தாலான திருமால் சிலையொன்று கல்கத்தாவிலிருந்து சென்றது.

நிறுவிய பணிகள்

1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தம் இல்லத்திலேயே நிறுவி, இறுதிவரை தலைமை தாங்கினார். 1933இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநலப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனையில் இத்தகைய பிரிவு அமைந்தது இந்தியாவில் அதுவே முதன்முறை. உளநோயாளர்க்கு உயர்ந்த மதில் சூழ்ந்த காப்பகமே கதி என்றிருந்த காலம் அது. காய்ச்சலுக்கு வருவோர் நுழையும் வாயிலிலேயே உளநோயாளரும் நுழைந்து, மருத்துவம் பெற்று, மாலையில் இல்லம் திரும்ப வழிபிறந்தது. 1940இல் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை உருவாயிற்று. அதற்கு இடமளித்தவர் தமையனாரும் வங்க எழுத்தாளருமான ராஜசேகர் போஸ். 1953இல் கிரீந்திரசேகர் மறைந்தார்.

நாம் பெறும் பாடம்

பரிசில் பெற்றோர், பெறாதார்க்கு வழிகாட்டுவதை ஆற்றுப்படை என்றனர் நம் முன்னோர். உளநல ஆலோசனையை இன்று ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். குறைகூறாது கேட்டல், கேட்டதைப் பிறரிடம் உரையாமை, தீர்வைத் தாமே காணத் துணைநிற்றல் ஆகியவை அதன் அடிப்படைகளாம்.

அணுவாற்றல் துறையினர் வாழும் அணுபுரத்திலும், மீனவர் வாழும் சதுரங்கப்பட்டினத்திலும், சிற்பிகள் வாழும் மாமல்லையிலும் உள்ளம் ஒன்றே. அதன் துயரும் ஒன்றே. தேர்வில் தவறிய மாணவன் திடீரென மௌனமானால், பெற்றோரும் ஆசிரியரும் முதலில் கடிந்துரையாது செவிமடுத்தல் வேண்டும். தேவையெனில் தயங்காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். 2022 முதல் நடுவணரசின் டெலி மானஸ் சேவை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

போஸ் திறந்த வாயில் இன்று நம் ஊர்களிலும் திறந்துள்ளது. அதில் நுழைவோரை ஏளனம் செய்யாதிருத்தல் நம் அனைவரின் கடமையாகும்.